அஸர் தொழுகையில் ஒரு சொட்டு

சொட்டிவிட்டது.

இல்லை, சொட்டவில்லை.

சொட்டிவிட்டது போலத்தான் இருக்கிறது.

அஸர், சாயங்காலத் தொழுகை. கைகட்டி நிற்கிறார். முன்னால் சுவர். பின்னால் நாற்பது பேர். அவர் குனிந்தால் நாற்பது பேரும் குனிவார்கள், நிமிர்ந்தால் நிமிர்வார்கள். அந்தப் பள்ளிவாசலின் இமாம் அவர். பதினோரு வருடமாக ஊர் அவரை ஹஜ்ரத் என்றுதான் கூப்பிடுகிறது.

அடிவயிற்றுக்குக் கீழே சுருக்கென்று ஓர் எரிச்சல். அதன் பின்னாலேயே ஈரம். ஈரம் போல ஒன்று.

யா அல்லாஹ், இப்போதா?

ஒரு சொட்டுச் சிறுநீர் போதும், உளு முறிந்துவிடும். கை கால் முகம் கழுவி வந்த சுத்தம் போனால் அவருடைய தொழுகையும் போனது. தெரிந்தே நின்றுகொண்டிருந்தால் பின்னால் நிற்கிற நாற்பது பேரின் பாவமும் அவர் தலையில்.

இரண்டு மாதமாக இந்தப் பாடு. மணிக்கு நாலு தடவை போக வேண்டும். போனால் வராது. வந்தால் எரியும். முடிந்தது என்று எழுந்தால் முடிந்திருக்காது.

உள்ளூரில் காட்டினால் ஊரெல்லாம் நாறிவிடும் என்று மதுரைக்குப் போனார். சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு ஒரு சுரப்பி இருக்கிறதாம். புராஸ்டேட்டாம். அதில் கிருமி போய் வீங்கியிருக்கிறதாம். ஆறு வாரம் மாத்திரை, தண்ணீர் நிறையக் குடியுங்கள், அடக்கி வைக்காதீர்கள், சரியாகிவிடும் என்றார் டாக்டர்.

சரியாகிவிடும் என்றது மட்டும் அவர் காதில் ஏறவில்லை. மாத்திரையை வாய்வுக்கு என்று வீட்டில் பொய் சொல்லி விழுங்குகிறார். தண்ணீரை அறவே குறைத்துவிட்டார். குடித்தால்தானே வரும்! படித்த மனுசனின் புத்தி இந்த லட்சணம்.

பயம் வேறு ஒன்று.

சதா சொட்டுகிறவர் மற்றவர்களுக்கு முன்னால் நின்று தொழவைக்கக் கூடாது. அவரே பத்துப் பேருக்கு எடுத்துச் சொன்ன சட்டம். நிர்வாகத்துக்குத் தெரிந்தால் இந்த இடம் போகும். பள்ளிவாசல் கொடுத்த வீடும் போகும். நாற்பத்தெட்டு வயதில் பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கே போய் நிற்பது?

மறுபடி அந்த ஈரம்.

ஓதிக்கொண்டிருந்த வசனம் எங்கே நின்றது என்றே தெரியவில்லை.

போதும். இனி நிற்கக் கூடாது.

இப்படி ஆகிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் படித்திருக்கிறார். மூக்கைப் பொத்திக்கொண்டு விலக வேண்டும். மூக்கில் ரத்தம் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மானத்தை மறைத்துக்கொள்ள மார்க்கமே விட்டுவைத்த வழி அது.

மூக்கைப் பொத்தினார். நேர் பின்னால் நின்ற சிக்கந்தர் ராவுத்தரின் சட்டையைப் பிடித்துத் தன் இடத்துக்கு இழுத்துவிட்டார். மரக்கடைக்காரர், அறுபத்தைந்து வயது. ஒரு கணம் விழித்தார். பிறகு இமாமாக நின்றுகொண்டார்.

இவர் வரிசைகளின் ஓரமாக வெளியே நடந்தார். ஓடக்கூடாது என்று காலுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தார்.

கழிவறைக் கதவைத் தாழிட்டார். கைலியைப் பார்த்தார். உள்ளாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தடவினார்.

காய்ந்து கிடந்தது.

ஒரு பொட்டு ஈரம் இல்லை.

அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் ஆரம்பித்தது. பாதியில் நின்றுவிட்டது.

சொட்டியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அவர் விலகியது சரி, ராவுத்தர் நின்றது சரி, மூக்கில் ரத்தம் என்று ஊர் நம்பினால் அதுவும் சரி. சொட்டவில்லையே! இல்லாத காரணத்துக்காக இமாம் விலகி இன்னொருவரை நிறுத்தினால் எல்லார் தொழுகையும் செல்லாது. வெறும் சந்தேகத்துக்காகத் தொழுகையை விடாதீர்கள் என்று போன வெள்ளிக்கிழமைகூட உரத்துப் பேசியவர் அவர்தான்.

நாற்பது பேரும் திருப்பித் தொழ வேண்டும். ஏன் என்று கேட்பார்கள்.

அட, ஒரே ஒரு சொட்டு விழுந்திருக்கக் கூடாதா!

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அவருக்குத் தெரியும். படைத்தவனுக்குத் தெரியும்.

குழாயடியில் உட்கார்ந்து மறுபடி உளு செய்தார். தண்ணீர் முழங்கையில் பாதி, சட்டையில் பாதி.

உள்ளே போனபோது தொழுகை முடிந்திருந்தது. எல்லா முகமும் இவர் பக்கம் திரும்பியது. ஒருவர் கைக்குட்டையை நீட்டினார். இன்னொருவர் அண்ணாந்து உட்காரச் சொன்னார். பாவம், அவ்வளவு அன்பு.

"மூக்குல ஒண்ணும் இல்லங்க. மூத்திரம் சொட்டிருச்சுன்னு நெனச்சுப் போனேன். சொட்டல. எனக்குப் புராஸ்டேட்டுல வீக்கம். மதுரையில வைத்தியம் பாக்குறேன். பயத்துல தப்புப் பண்ணிட்டேன். எல்லாரும் திரும்பத் தொழணும்."

சொல்லிவிட்டார். குரல் அவருடையதாகவே இல்லை.

அவர் பாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேறு ஆளை நிறுத்தலாம் என்று யாராவது சொல்லட்டும், போய்விடலாம்.

சிக்கந்தர் ராவுத்தர் எழுந்தார். முன்னால் வரவில்லை. விறுவிறுவென்று கழிவறைப் பக்கம் போனார். அவர் பின்னால் தையல்கடைக்காரர். அப்புறம் தபால்காரர். அப்புறம் இரண்டு பேர், அப்புறம் இன்னும் மூன்று பேர். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இருப்பதோ மூன்று கழிவறை.

மற்றவர்கள் காத்திருந்தார்கள். இவரும் காத்திருந்தார்.

கை கால் கழுவிய ஈரத்தோடு ராவுத்தர்தான் முதலில் திரும்பி வந்தார். இமாமின் இடத்தைக் கடந்து போகாமல், அதற்கு நேர் பின்னால் தன் இடத்தில் போய் நின்றுகொண்டார். பிறகு முன்னால் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

"அந்த டாக்டரு மதுரையில எங்க இருக்காரு ஹஜ்ரத்?"