நத்தை அனுப்பிய திருத்தம்

"இதுவும் மிஷின் எழுதினதுதான்," என்று திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள் அவள்.

கணினி நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் பிழையைத் தேடிக்கொள்ள ஒரு கருவி. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அதைக் கட்டி மேய்ப்பவள் இவள் ஒருத்திதான். தட்டச்சு செய்து செய்தே வலி கண்ட வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு பட்டை.

முன்பெல்லாம் மனிதர்கள் அனுப்பினார்கள். இப்போது ஏஐயிடம் வாங்கி, படித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே தள்ளிவிடுகிறார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். போன வாரம் அப்படி நுழைந்த ஒன்று கருவியையே படுக்க வைத்துவிட்டது. ஊர்ப்பட்ட திட்டும் இவளுக்குத்தான்.

"மனுஷன்னு ஒருத்தர் கிடைச்சா பாதி வேலையைக் கொடுத்துடுவேன். இல்லேன்னா இதை இழுத்து மூடிட வேண்டியதுதான்," என்று நேற்று சாப்பிடும்போது கணவரிடம் சொல்லியிருந்தாள். அவர் தட்டைப் பார்த்தபடி தலையாட்டினார்.

இன்று இது. அனுப்பியவர் பெயர் 'நத்தை'.

திருத்தம் ஒழுங்காக வேலை செய்தது. அதுதான் இன்னும் எரிச்சல். வரிக்கு வரி விளக்கம் வேறு, கல்யாணப் பத்திரிகை மாதிரி.

அவளிடம் ஒரு சோதனை உண்டு. 'ஏன் இப்படி எழுதினீர்கள்? சுற்றி வளைக்கிறதே,' என்று கேட்பாள். மனிதன் என்றால் முறைப்பான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பான். கோபித்துக்கொண்டு போனாலும் போவான்.

நத்தையின் பதில் உடனே வந்தது.

'சிரமத்துக்கு வருந்துகிறேன். நீங்கள் சுட்டிக்காட்டியது முற்றிலும் சரி. தயவுசெய்து சற்றுப் பொறுத்திருக்கவும்.'

ரத்தமும் சதையுமாக இருக்கிற எவன் இப்படிப் பேசுவான்?

நிராகரித்தாள். அதோடு விடவில்லை. நத்தை இனிமேல் எதையுமே அனுப்ப முடியாதபடி கதவைச் சாத்தினாள்.

பக்கத்து அறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் அடுப்பு பற்றும் சத்தம்.

வெகுநேரம் கழித்துத்தான் கணவர் டீயோடு வந்தார்.

"என்னங்க, ஒரு டீ போட இவ்வளவு நேரமா? இதுல சர்க்கரையும் இல்ல."

ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து, தாமதமாகும் ஒவ்வொரு ரயிலுக்கும் ஊராரிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர் அவர்; ஓய்வு பெற்ற பிறகு அவளுடைய பழைய நிரல் புத்தகங்களோடு பொழுதைப் போக்குபவர். கோப்பையை அவளுடைய நல்ல கைப் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"சிரமத்துக்கு வருந்துகிறேன்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "நீ சுட்டிக்காட்டியது முற்றிலும் சரி."