நடுவில் இருந்த பட்டை

“கோளாறு என் கார்டுல இல்லன்னு அவருகிட்ட சொல்லுங்கண்ணா!” என்று கத்தினான் ஜெனித்.

அந்த ‘அவர்’ கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் நின்றிருந்தான். ஜெனித்தின் கூடப்பிறந்த அண்ணன் ஸ்டீபன்ராஜ்.

“என் கார்டு மேல பழி போட வேணாம்னு அந்த ஆளுகிட்ட சொல்லுங்க,” என்றான் ஸ்டீபன்ராஜ், சுவரைப் பார்த்துக்கொண்டே.

இருவருக்கும் நடுவே, கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான் மெக்கானிக் நெடுஞ்செழியன். ஞாயிற்றுக்கிழமையில் விழுப்புரத்தை விட்டு அவன் நகர்வதில்லை. ஆனால் இவர்களின் அம்மா பவுலின் போனில் விடவில்லை. “பூசை முடிஞ்சி ரெண்டு பேரும் வீட்ல இருக்கற நேரமா திண்டிவனம் வாங்க தம்பி” என்று மூன்று முறை அழைத்துவிட்டாள்.

அப்பா உயிரோடு இருந்தபோது, அண்ணனும் தம்பியும் திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டை ஆளுக்கொன்றாக வாங்கிப் போட்ட கேம் கம்ப்யூட்டர் அது. பத்து மாதமாக இருவருக்கும் பேச்சு இல்லை. ஒருவன் ஆடிவிட்டு எழுந்து போன பிறகுதான் மற்றவன் வந்து உட்காருவான். இப்போது ஒரு வாரமாகத் திரையில் படம் திக்கித் திக்கி ஓடியது. குறுக்கே கிழிந்தது போலக் கோடு விழுந்தது.

“இன்னிக்கு சரியாவலன்னா என் கார்டைக் கழட்டிக்கினு விழுப்புரத்துல ரூம் பாத்துப் போயிடுவேன். அப்புறம் இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லுங்கண்ணா.”

“தாராளமா போவச் சொல்லுங்க!”

அடுக்களையில் ஒரு குண்டான் ணங்கென்று விழுந்தது. “அந்தப் பொட்டியத் தூக்கிக் கெணத்துல போடுங்க! ஒரே பேஜாரு!” என்று பவுலின் உள்ளிருந்து கத்தினாள்.

நெடுஞ்செழியனுக்குக் கோபம் வரவில்லை. கோளாறு என்றாலே அவனுக்கு உற்சாகம்தான்.

“இன்னாத்துக்குக் கத்தல்? ஒண்ணைக் கழட்டிட்டு, இன்னொண்ணுல மானிட்டர் வயரைச் சொருகிப் பாப்போம். எது கெட்டதுன்னு அதுவே சொல்லிடும்.”

முதலில் ஸ்டீபன்ராஜின் கார்டு. படம் சுத்தமாக வந்தது.

“பாத்தியா...” என்று தம்பி பக்கம் திரும்பிய ஸ்டீபன்ராஜ், “பாக்கச் சொல்லுங்க” என்று மாற்றிக்கொண்டான்.

அடுத்து ஜெனித்தின் கார்டு. அதிலும் படம் சுத்தமாகவே வந்தது.

“ரெண்டும் நல்லா இருக்குது. சேர்ந்து ஓடறதுதான் இல்ல,” என்றான் நெடுஞ்செழியன். “ஒரே உரல்ல ரெண்டு பேரு மாவு இடிக்கறத பாத்திருக்கீங்களா? ஒரு உலக்கை மேல போவும்போது இன்னொண்ணு எறங்கும். இதுவும் அப்படித்தான். ஒரு படத்த இது வரையும், அடுத்தத அது வரையும். தாளம் தப்பக் கூடாதுன்னு ரெண்டு கார்டு தலையிலயும் சேர்த்து ஒரு சின்னப் பட்டை மாட்டியிருந்தேன். பெட்டியத் தொறந்ததுமே பாத்தேன், அதைக் காணோம். கார்டு மேல சந்தேகம் இருக்கக் கூடாதுன்னுதான் ரெண்டையும் ஓட்டிக் காட்டினேன்.”

ஜெனித் விருட்டென்று அண்ணன் பக்கம் திரும்பினான். “நீதான எடுத்த?”

“நான் ஏன்டா எடுக்கறேன்? வீட்ட விட்டுக் கெளம்பறேன்னு குதிக்கறவன் நீ!”

“பேரையே எடுத்தவனுக்குப் பட்டைய எடுக்கறது பெரிய விஷயமா? அப்பா வருஷ நினைவு பேனர்ல என் பேரு எங்க போச்சி? உன் பேரு மட்டும் கொட்டை எழுத்துல! கோயில் வாசல்ல ஊரே படிச்சிச்சே!”

“பேனர் அடிச்சவன் உன் பேர விட்டுட்டான்டா! அவங்கூட சண்டை போட்டு வேற பேனர் அடிச்சி எடுத்தாந்தேன். அதுக்குள்ள நீ பூசையில பாதியில எழுந்து போயிட்ட!”

“பொய்யி!”

“பரண்மேல சுருட்டிக் கெடக்குது. ஏறிப் பார்றா!”

“அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா?”

“நீ மூஞ்சி குடுத்தியாடா? என்னப் பாத்தாலே தெருவத் தாண்டி நடந்த!”

ஜெனித் பரண் பக்கம் ஸ்டூலை இழுத்தான். புதுப் பட்டை வாங்கி வருவதாக நெடுஞ்செழியன் சொன்னது இருவர் காதிலும் விழவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

கேட் அருகில் பவுலின் அவனைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. அவள் முகத்தில் கொஞ்ச நேரத்துக்கு முன் இருந்த கடுகடுப்பு இல்லை.

“மன்னிச்சிக்கோங்கம்மா. என்னால சண்டை பெருசாயிடுச்சி,” என்றான் அவன்.

பவுலின் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தாள். உள்ளே, கறுப்பாக, அந்தப் பட்டை.

“இது இல்லன்னா ரெண்டும் சேர்ந்து ஓடாதுன்னு போன தடவ நீங்கதான தம்பி வெளக்கிச் சொன்னீங்க? இப்பவே மாட்டிடாதீங்க. பத்து மாசத்துக்கு அப்புறம் இன்னிக்குத்தான் நேருக்கு நேரா கத்திக்கினு இருக்கானுங்க, இன்னும் கொஞ்ச நேரம் கத்தட்டும்!”