இலுப்பை மரமும் உறங்கும் நாயும்

திருத்தணி மலைப்படிக்கட்டு தொடங்கும் இடத்தில், கிழட்டு இலுப்பை மரத்தின்மேல் மாலை வெயில் மஞ்சளாகக் கிடக்கிறது. ட்ரைபாடில் நிற்கும் கேமராவின் லென்ஸ்மேல் துர்கா ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டியிருக்கிறாள். அது வெளிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே விடும்; ஒரு படம் பதிய இரண்டு மூன்று நிமிஷமாகும். காற்றில் ஆடும் இலைகள் தூரிகையால் இழுத்துவிட்டதுபோல் குழைந்து பதியும். மரத்தடியைப் பெருக்கும் தமயந்தி, படம் எடுக்கிறார்கள் என்று கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, துடைப்பத்தோடு வேர்களைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். ஒரு வேரில் தலைவைத்து நாய் உறங்குகிறது. ரோட்டில் பொதட்டூர்பேட்டை பஸ் ஹார்ன் அடித்துப் போகிறது. கேமரா மெல்லச் சொடுக்கி ஓய்ந்ததும் தமயந்தி வந்து திரையில் குனிகிறாள். பச்சையும் பொன்னும் கரைத்து வரைந்ததுபோல் மரம். "நாய்கூட கீது. தெனமும் இங்கயே கீறவ நான், என்னக் காணமே." "நீங்க நவுந்துகிட்டே இருந்தீங்கக்கா. அசையாம இருக்கிறதுதான் இதுல விழும்" என்கிறாள் துர்கா. "வெளிச்சம் போவுது. இன்னும் ஒண்ணுதான் எடுக்க முடியும்." தமயந்தி துடைப்பத்தை மரத்துக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, அடிமரத்தில் முதுகை ஒட்டி, கைகளைத் தொங்கவிட்டு நிற்கிறாள். "இப்ப எடும்மா." துர்கா பொத்தானை அழுத்துகிறாள். பெருக்கிய தரையில், தமயந்தியின் கால்விரலுக்குப் பக்கத்தில், பழுத்த இலை ஒன்று வந்து விழுகிறது. பிறகு இன்னொன்று. அவள் குனியவில்லை. கண் மட்டும் கீழே போய்த் திரும்புகிறது.