ஆமையின் குதிரை

"அண்ணி, உங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு என்ன ஆச்சு? ஏழாவது மூவ்லயே குதிரையைத் தூக்கிக் குடுத்துட்டாரு!"

அரங்கின் கதவைத் திறந்து அவள் அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். செஸ் கிளப் செயலாளர் காதில் கிசுகிசுத்ததும் சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"தோத்துடுவாரா தம்பி?"

"எதிர்ல உட்கார்ந்திருக்கிறது பல் டாக்டர். மூணு வருஷமா அவர்தான் சாம்பியன்."

'இந்தக் கடைசி ஆட்டத்திலும் தோற்றால் போர்டைப் பரணில் போட்டுவிடுகிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் கிளம்பியிருந்தார் பிளம்பரான அவள் கணவர். இருபது வருஷமாக அந்தப் போர்டைச் சக்களத்தி என்று திட்டியவள்தான் அவள். ஆனாலும் அந்த வாடிய முகத்தைப் பார்த்ததிலிருந்து கை கால் ஓடவில்லை. முதல் தடவையாகப் போட்டி நடக்கிற இடத்துக்கே வந்துவிட்டாள்.

கிளப்பில் அவருக்கு 'ஆமை' என்று பெயர். முதலில் ஆடுகிற வெள்ளைக் காய் கிடைத்தாலும் ராஜாவைச் சுற்றிக் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கசியாமலிருக்கக் குழாய் மரைக்கு மூன்று சுற்று டேப் போதுமென்றால் பத்து சுற்று சுற்றுகிற மனுஷர்.

"இருங்க அண்ணி! டாக்டர் குதிரையை வெட்டிட்டாரு. ஆனா அவர் ராஜாவுக்கு முன்னால வழி திறந்துடுச்சே! ஐயோ, ராணி வருது!"

"யாரோட ராணி?"

"நம்மளுதுதான்!"

டாக்டருக்கு வியர்த்தது. மந்திரி குறுக்கே பாய்ந்தது. பின்னாலேயே யானையும் வந்தது. இருபத்திரண்டாவது மூவில் டாக்டர் தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினார்.

"என்னா அடி! இந்த அதிரடியை எந்தப் புக்ல படிச்சீங்க?" என்று கேட்டார்.

பிளம்பர் அசட்டுச் சிரிப்போடு மழுப்பினார்.

வெளியே வந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நல்லவேளை, நான் ஒளிஞ்சுக்கிட்டேன். என்னைப் பார்த்திருந்தா உங்க கவனம் சிதறியிருக்கும்."

"சிதறிச்சே!" என்றார் அவர், சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தி. "குதிரையைப் பின்னால இழுக்கத்தான் கையில எடுத்தேன். நீ உள்ள வந்தியா... உன்னையே பார்த்துக்கிட்டு, எந்தக் கட்டம்னு தெரியாம வெச்சுத் தொலைச்சுட்டேன். வெச்ச காயைத் திருப்பி எடுக்க முடியாதே!"