மூன்று தலைமுறைத் தொகுதி

"துரோகி யாருன்னு எனக்குத் தெரியும் லூசியான். என் பொண்டாட்டிதான்!" என்றார் ரெஜீஸ் மோக்ரான்.

"மேடம் அப்படிச் செய்ய மாட்டாங்க ஐயா," என்றார் காரியதரிசி லூசியான். "நேத்து உங்களோடதானே வந்து ஓட்டுப் போட்டாங்க."

"மறைப்புக்குள்ள போனப்புறம் யார் பேர் சீட்டை உறைக்குள்ள போடறாங்கன்னு எவன் கண்டான்? உன்னையும்தான் நான் நம்பல."

ஒரே ஒரு வாக்கில் தோற்றிருந்தார். ரோன் ஆற்றங்கரை நகரத்தின் அந்தத் தொகுதியை நாற்பது வருஷமாக மோக்ரான் குடும்பம் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. தாத்தா, ஆற்றுக்குப் பாலம் கட்டுவேன் என்று சொல்லி நாடாளுமன்றம் போனார். அப்பா அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார். ரெஜீஸ் அந்த அடிக்கல்லைக் கழுவி, பூ வைத்து, இரண்டு தடவை போய்வந்தார். இந்தத் தடவை மிரேய் கசனாவ் என்ற பஸ் ஓட்டும் அம்மாள், "பாலம் எங்கே?" என்று மட்டும் கேட்டு முந்திவிட்டார்.

ரெஜீஸ் விடுவதாக இல்லை. வாக்குகள் சமமானால் வயதில் மூத்தவருக்கே பதவி என்பது சட்டம். அவர் கசனாவைவிட நாலு மாதம் மூத்தவர். செல்லாத சீட்டுகளில் ஒன்றே ஒன்று செல்லும் என்றாகிவிட்டால் போதும், பாலம் இன்னும் ஐந்து வருஷம் காத்திருக்கும்.

அரசு அலுவலக வராந்தாவில் காபி கொண்டுவந்த பெண்ணுக்கு, தட்டிலிருந்த காகித நாப்கினில் கையெழுத்துப் போட்டு, "பத்திரமா வச்சுக்கோ" என்று நீட்டினார். அவள் அதை வாங்கி மேஜையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

செல்லாத சீட்டுகளைச் சரிபார்க்க வந்திருந்த நீதிபதி அம்மாள் உள்ளே கூப்பிட்டார். "உங்க பேர் போட்ட செல்லாத சீட்டு அறுபத்தொண்ணு. அறுபதுல எழுதியிருக்கறதை என்னால வாய்விட்டுப் படிக்க முடியாது."

"மீதி ஒண்ணு?"

"அதுல வசவு இல்ல. பேருக்குக் கீழ பேனாவால ஒரு கிறுக்கல், அவ்வளவுதான்."

"கிறுக்கல்தானே! என்மேல பிரியம் வச்சவங்க போட்ட ஓட்டும்மா அது!"

"அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா சீட்டுல ஒரு புள்ளி வச்சாலும் செல்லாது. சட்டம் பண்றவருக்கு நான் சொல்லணுமா?"

ரெஜீஸுக்கு முகம் சிவந்தது. தாத்தாவும் அப்பாவும் கட்டிக்காத்த நாற்காலி கண்ணெதிரே போகிறது.

"அச்சடிச்ச பேரை அப்படியே மடிச்சு உறைக்குள்ள போடத் தெரியாத ஜென்மம்! இந்த மாதிரி முட்டாளுக்கெல்லாம் ஓட்டுரிமை ஒரு கேடா? எவன் அவன்? எனக்குத் தெரிஞ்சாகணும்!"

நீதிபதி சீட்டை லூசியானிடம் கொடுத்தார். லூசியான் அதைப் பார்த்தார். அப்புறம் சட்டென்று மடித்துக்கொண்டார்.

"என் பொண்டாட்டியா?"

"இல்லீங்க."

"பின்ன யாரு? சொல்லித் தொலையேன்யா!"

"ஐயா... இது உங்க கையெழுத்து."