விதைக்கடலை மூட்டை

ராத்திரி பெய்த மழைக்கு உசிலம்பட்டிப் புஞ்சையெல்லாம் மண்வாசம் விடுகிறது. போன இரண்டு ஆடியையும் “நாளைக்குப் பாப்போம்” என்றே கட்டிலில் கழித்த கருத்தக்கண்ணன், இன்று விடியுமுன்னே வேட்டியை மடித்துக்கட்டி நிற்கிறான். வாசலில் வாடகை டிராக்டர் உறுமுகிறது. பெண்டாட்டி அன்னக்கொடிக்குச் சந்தேகம் தட்டுகிறது. கிட்டத்தில் போய் அவன் வாயை மோந்து பார்க்கிறாள். பல்பொடி வாசம்தான் வருகிறது.

“யாருய்யா ஒன்னைய ஏவிவிட்டது?”

“யாரு ஏவணும்? ஈரம் காயிறதுக்குள்ள வெதைக்கணும்ல. வெதக்கடலை மூட்டைய எடுத்துட்டு வா.”

இவன் எங்கே விதைக்கப்போகிறான் என்று போன வாரம்தான் அதைச் செக்கில் கொடுத்து ஆட்டி வந்திருந்தாள். அடுப்படி மூலையில் எண்ணெய்க் கேன் விளக்கு வெளிச்சத்தில் பொன்னாக மின்னுகிறது. அவன் உள்ளே பார்த்துவிடாதபடி அவள் நிலைப்படியை மறித்து நிற்கிறாள். இப்போது அவன் அவளை உற்றுப் பார்க்கிறான்.