அறுபத்தெட்டு கிலோ

படம் தொடங்கி ஒரு மணி நேரம் நாற்பத்தேழாவது நிமிடத்தில் அப்பா முதல் அடியை அடித்தார்.

ஹெல்மெட்டால். பின்வரிசையில் இருந்தவனின் வாயில்.

அப்பாவையும் என்னையும் திண்டுக்கல்லுக்குப் படம் பார்க்கக் கூட்டி வந்தது அத்தை மகன் விக்னேஷ்குமார். டிரைவர் வேலைக்கென்று வெளிநாடு போன அண்ணன், அங்கே நடந்த போரில் இறந்து பதினான்கு மாதம். மதுரை விமான நிலையத்திலிருந்து எங்கள் ஊர் வடமதுரை வரை அண்ணனின் பெட்டியோடு ஆம்புலன்ஸில் வந்தவனும் அவன்தான்.

"போர்ப் படம்தான் மாமா. ஆனா அம்புட்டும் கிண்டல். செத்த நேரம் சிரிச்சிட்டு வருவோம்."

முதல் பாதியில் அப்பா இரண்டு முறை சிரித்தார். நான் எண்ணினேன்.

இடைவேளையில் விக்னேஷ்குமார் தன் யூடியூப் சேனலுக்காக மைக்கை எல்லோரிடமும் நீட்டினான். படம் எத்தனை விருது வாங்கும் என்பதுதான் கேள்வி. ஒருவன் சொன்னான்:

"தேசிய விருது உறுதி ப்ரோ. அந்தத் தொப்பை ஜெனரலுக்குத் தனியா ஒண்ணு எடுத்து வைங்க."

என்னிடமும் நீட்டினான். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

அதற்குப் பிறகுதான் அந்தக் காட்சி.

குண்டு விழுந்த இடத்தில் ஒரு சிப்பாயின் உடல் கிடைக்கவில்லை. வீட்டுக்கு ஏதாவது அனுப்பியாக வேண்டும். இரண்டு குமாஸ்தாக்கள் பெட்டியை எடை மேடையில் வைத்து மணல் அள்ளிப் போடுகிறார்கள். ஆள் அறுபத்தெட்டு கிலோ. முள் எழுபதுக்குப் போய்விடுகிறது. ஒருவன் பதறிப்போய் மணலை வெளியே அள்ளப் போகிறான். இன்னொருவன் தடுக்கிறான்: "இருக்கட்டும், நம்ம சாப்பாட்டுல ரெண்டு கிலோ ஏறியிருப்பான்."

தியேட்டர் அதிர்ந்தது. விசில் பறந்தது.

காய்ந்த மணல் கன அடிக்கு நாற்பத்தைந்து கிலோ. ஒன்றரைக் கன அடி போதும். படித்த இயற்பியல் எனக்குள் தானாகக் கணக்குப் போட்டது.

பின்வரிசைக்காரன் அப்பாவின் இருக்கையை அறைந்து அறைந்து சிரித்தான்.

"இந்த சீனுக்கே அவார்டு குடுக்கலாம்டா!"

அப்பா எழுந்தார்.

இரண்டாவது அடியில் பல் தெறித்தது. மூன்றாவதில் மூக்கு. ஒவ்வோர் அடிக்கும் அப்பா ஒன்றையே சொன்னார்.

"கனமாத்தான்டா இருந்துச்சு. கனமாத்தான் இருந்துச்சு."

"ஏலே, அமலனைக் கொல்றான்டா!"

அடிபட்ட அமலனின் கூட்டாளிகள் நாலு பேர் அப்பாவை இருக்கைகளின் மேலேயே இழுத்து நடைபாதையில் போட்டார்கள். விலாவில் மிதித்தார்கள். ஏதோ முறியும் சத்தம் கேட்டது. திரையில் குமாஸ்தாக்கள் பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசைகளில் இன்னும் சிரித்தார்கள்.

விளக்குகள் எரிந்தன. படம் நின்றது. மிதி நிற்கவில்லை.

அப்பாவின் காதிலிருந்து ரத்தம் வழிந்தது. இன்னும் நாலு மிதி விழுந்தால் அப்பா இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

விக்னேஷ்குமார் குறுக்கே விழுந்தான். "விடுங்கடா! மகனைச் சண்டையில பறிகொடுத்த மனுசன்டா!"

"பறிகொடுத்தா? சினிமா பாத்துச் சிரிச்சவனை அடிப்பானா?" ஒருவன் அவனையும் சேர்த்து மிதித்தான்.

அமலன் கைகளால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். விரல்களுக்கு நடுவில் ரத்தம். அழுதுகொண்டே அப்பாவிடம் கேட்டான்.

"ஒன்னைய நான் என்னய்யா பண்ணேன்?"

அப்பா ஏன் அடித்தார் என்று எனக்குத் தெரியும். வீட்டில்கூட அதை நாங்கள் ஒருவருக்கொருவர் சொன்னதில்லை. தோட்டத்து மூலையில் அண்ணனைப் புதைத்த இடத்தைத் தாண்டித்தான் தினமும் தண்ணீர் பாய்ச்சப் போகிறோம்.

நான் இருக்கையின் மேல் ஏறி நின்றேன். அத்தனை முகங்களும் திரும்பின.

"அண்ணன் பெட்டிய நாங்க தெறக்கவே இல்ல," என்றேன். "தெறக்கக் கூடாதுன்னாங்க. அப்படியே புதைச்சிட்டோம்."